நரம்பணுவின் முட்கள்

மூளையிலுள்ள நரம்பணு ஒன்றனை இலையுதிர்ந்த மரத்திற்கு ஒப்பிடலாம். அதன் உடலினின்று கிளைகள் பலவாய்ப் பிரிந்து விரிகின்றன. அயல் நரம்பணுக்கள் விடுக்கும் செய்திகளைப் பெரிதும் ஏற்பன இக்கிளைகளே.

1873-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்கி, வெள்ளி உப்பினால் நரம்பணுக்களைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையைக் கண்டார். ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் இ கஹால் அம்முறையைச் செம்மைசெய்து, கோழியின் சிறுமூளையை ஆராய்ந்தார். இவர் இளமையில் ஓவியராக விரும்பியவர். நுண்ணோக்கியில் கண்டவற்றைத் தம் கையாலேயே வரைந்தார். கிளைகளின்மேல் முட்கள் போன்ற நுண்ணிய நீட்சிகள் செறிந்திருத்தலை அவர் 1888-இல் வெளியிட்டார்.

அறிஞர் பலர் அதனை நம்பினாரல்லர். வெள்ளி உப்பின் கசடே முள்ளாகத் தோன்றுகிறது என்றனர். அவ்வையம் பொருளற்றதன்று, அம்முறையில் கசடு படிதல் உண்டு. ஆயினும், கசடாயின் எங்கும் படிதல் வேண்டுமன்றோ? நரம்பணுவின் உடலையும், செய்தியை வெளிக்கொண்டு செல்லும் நீண்ட இழையையும் விடுத்துக் கிளைகளில் மட்டும் அது படிவானேன்? 1896-இல் கஹால், வெள்ளி சிறிதும் கலவாத மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை ஊட்டிப் பார்த்தார். அப்பொழுதும் முட்கள் தோன்றின. 1959-இல் கிரே என்பார் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கி, அயல் நரம்பணுவின் இழை வந்து செய்தி தரும் இடம் அம்முள்ளே எனக் காட்டினார்.

வளரும் நரம்பணுவில் இம்முள் எவ்வாறு உண்டாகிறது? முதற்கண் கிளையின் பக்கத்தினின்று நீண்டு மெலிந்த விரல் போன்ற நீட்சி ஒன்று புறப்படுகிறது. ஆக்டின் என்னும் புரத இழைகள் உள்ளிருந்து வளர்ந்து அதனை உந்துகின்றன. இருளில் துழாவும் கையைப் போல அது அசைகிறது. சில நிமிடங்களில் சுருங்கி மறைகிறது. வேறோரிடத்தில் மற்றொன்று எழுகிறது. அயல் இழையைத் தொட்டவற்றுள் சிலவே நிலைபெற்று, குறுகி, நுனி பருத்துக் காளான் வடிவம் எய்துகின்றன. எல்லா முட்களும் இவ்வாறே பிறப்பன அல்ல. கஹால் முதலில் கண்ட அச்சிறுமூளை நரம்பணுக்களோ, அயல் இழை வந்து தொடாவிடினும் முட்களை விடவல்லன.

முதிர்ந்த முள்ளின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூறே. குழந்தைப் பருவத்தில் முட்கள் மிகுதியாகத் தோன்றி, பின்னர்ப் பல மறைந்தொழிகின்றன. எஞ்சியனவும் ஒரே நிலையில் நிற்பதில்லை. செய்தி அடிக்கடி வந்து சேரும் முள் பருத்தலும் உண்டு.