எண்ணிலிருந்து பெயருக்கு

ஒரு கல்லூரி தனக்கென்று ஓர் அஞ்சல் சர்வரை நிறுவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் தடையின்றி வருகின்றன. கல்லூரிக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்பினால் நொடியில் போய்ச் சேருகிறது. ஆனால் சேர்க்கைக்குத் தேர்வான மாணவர்களுக்கு, 'பத்து நாட்களுக்குள் வந்து சேரவேண்டும்' என்று அனுப்பிய கடிதங்கள் மட்டும் அவர்கள் கைக்குப் போகவில்லை. சில திரும்பி வந்தன. சில, யாரும் திறந்து பார்க்காத குப்பைக் கடிதப் பெட்டியில் விழுந்து கிடந்தன. கம்பி அறுந்திருக்கவில்லை, கருவியிலும் பழுதில்லை. பின் எங்கே கோளாறு?

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 0 முதல் 255 வரையுள்ள எண்களில் நான்கைப் புள்ளியிட்டு எழுதுவது பரவலான முறை, 192.0.2.25 என்பது போல. (இந்த எண் வரிசை பாடநூல் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது.) எண்ணை நினைவில் வைப்பது நமக்குக் கடினம், ஆகவே மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று பெயர் சூட்டுகிறோம். தொடக்க நாட்களில் எல்லாப் பெயர்களும் அவற்றின் எண்களும் ஒரே கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் படி எடுத்துக்கொண்டார்கள். கணிப்பொறிகள் பெருகவே அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பதிவேட்டைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களுக்குரிய எண்களைத் தானே எழுதி வைக்கும். கல்லூரிக்குக் கடிதம் அனுப்புவோரின் சர்வர்கள் இந்தப் பதிவைப் பார்த்து எண்ணைக் கண்டுகொள்கின்றன. அதனால்தான் வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை.

போகும் கடிதத்தின் கதை வேறு. அனுப்பும் சர்வர், பெறும் சர்வரைக் கூப்பிட்டு, 'நான் மெயில்.எக்ஸாம்பிள்.காம்' என்று பெயர் சொல்லிப் பேச்சைத் தொடங்கும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் விதிகளில் இதற்குச் சான்று ஏதும் கேட்கப்படவில்லை. அன்று வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களுமே. இன்று குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் எந்தப் பெயரையும் சொல்லலாம். ஆனால் எண்ணை மாற்றிச் சொல்வது எளிதன்று. பேச்சுக்கு முன்பே இரு சர்வர்களும் மூன்று செய்திகளைப் பரிமாறி இணைப்பை உறுதி செய்கின்றன. பொய் எண் கொடுத்தால் பதில் அந்தப் பொய் எண்ணுக்கே போய்விடும்; பேச்சே தொடங்காது. ஆகவே பெறும் சர்வர் வாய்ச்சொல்லை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்கிறது: 'இந்த எண்ணுக்கு உரிய பெயர் என்ன?' இதுவே தலைகீழ்த் தேடல்.

சார்பு, நேர்மாறு சார்பு என்று கணக்கில் படித்திருப்பீர்கள். இங்கே நேர்மாறு தானாகக் கிடைத்துவிடாது. ஒரே எண்ணுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். பெயர்களோ உலகெங்கும் எண்ணற்ற பதிவேடுகளில் சிதறிக் கிடக்கின்றன. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனையையும் புரட்ட முடியுமா? எனவே எண்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்தார்கள். அதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. அஞ்சல் உறையில் ஆள் பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். பின்கோடு எண்ணிலோ முதல் இலக்கம் நாட்டின் ஒரு பெரும் பகுதியைக் குறிக்கும். கடைசி இலக்கங்கள்தாம் தனி அஞ்சலகத்தைக் காட்டும். இணையப் பெயர் உறையைப் போன்றது. எண் முகவரி பின்கோட்டைப் போன்றது. எண்ணையும் பெயர்போல் தேடவேண்டுமானால் அதைத் திருப்பிப் போடவேண்டும். 192.0.2.25 என்பது 25.2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்று ஒரு பெயராகவே மாறிவிடுகிறது! புதிய முறை எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு எதிரே எழுதப்படும் பதிவுக்கு பி.டி.ஆர். என்று பெயர்.

இப்போது கல்லூரியின் கோளாறு விளங்கும். பெயர் கல்லூரியுடையது, எண்ணோ இணைய இணைப்பு தரும் நிறுவனத்துடையது. பெயர்ப் பதிவேட்டில் கல்லூரி எழுதலாம். எண் பதிவேட்டில் அந்த நிறுவனம் எழுதவேண்டும், அல்லது எழுதும் உரிமையைக் கொடுக்கவேண்டும். கல்லூரி கேட்கவில்லை, நிறுவனம் எழுதவில்லை. தம் பதிவேட்டையே மீண்டும் மீண்டும் திருத்திப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. தேவைப்பட்டதோ ஒரு வேண்டுகோள் கடிதம்!

இப்படி இரு கைகளில் பிரிந்திருப்பது தொல்லை போலத் தோன்றினாலும், சோதனைக்கு வலிமை தருவது அதுவே. ஏமாற்றுக்காரன் ஒருவன் தன் எண்ணுக்கு எதிரே நம் கல்லூரியின் பெயரை எழுதி வைக்கிறான் என்று கொள்க. பெறும் சர்வர் அந்தப் பெயரை எடுத்து மறுபடி எண் தேடும். கல்லூரி எழுதி வைத்த எண் வரும். அவன் எண் வராது. குட்டு வெளிப்பட்டுவிடும். இதனால் சோதனையில் தேறியவரெல்லாம் நல்லவர் என்றாகிவிடாது. கெட்ட எண்ணம் கொண்டவனும் இரு பதிவுகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாமே!

2008-இல் திருத்தப்பட்ட அஞ்சல் விதி, அனுப்பும் சர்வர் சொன்ன பெயரும் அதன் எண்ணும் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காகக் கடிதத்தை மறுக்கக்கூடாது என்கிறது. நடைமுறை அந்தத் தாராளத்தைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது. ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் சர்வர்கள் அனைத்துக்கும் இரு திசைப் பதிவுகளும் சரியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை 2024 பிப்ரவரியில் கூகுள் நடைமுறைப்படுத்தியது. திரும்பி வந்த கடிதத்தில் 550 5.7.25 என்ற எண்களைக் கண்டால் தலைகீழ்த் தேடல் தவறியது என்று பொருள். குப்பைக் கடிதங்களின் பெருக்கத்தை நினைத்தால் இந்தக் கண்டிப்பைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும், சொல்லாமல் குப்பைப் பெட்டியில் தள்ளுவதைவிடக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதே நாணயம் என்பேன்.

நீங்களே செய்து பார்க்கலாம். கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு 8.8.4.4 என்று கொடுங்கள். டிஎன்எஸ்.கூகுள் என்ற பெயர் வரும். அந்தப் பெயரையே மறுபடி கொடுத்தால் வரும் எண்களில் 8.8.8.8, 8.8.4.4 இரண்டும் இருக்கும். அடுத்து, உங்கள் வீட்டு இணைப்புக்கு வெளியுலகில் வழங்கும் எண்ணைத் தெரிந்துகொண்டு அதைக் கொடுங்கள். பெரும்பாலும் அந்த எண்ணின் இலக்கங்களையே கோத்துச் செய்த ஒரு நீண்ட பெயர் வரும். அல்லது ஒன்றுமே வராது.