தடுப்பூசி போடும் நாளில் உன்னைப் பற்றியும் சொல்லு

தங்கச்சி, பிள்ளை பிறந்து மூணாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமே தெரியாமல் அழுகை வரும். பால் கட்டியிருக்கும், தையல் இழுக்கும், தூக்கம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் "பிள்ளைக்குப் பால் பத்தலையோ?" என்று ஒரு வார்த்தை விட்டால் கண் கலங்கிவிடும். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஆகும். மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், மருந்து வேண்டியதில்லை. யாராவது பிள்ளையை வாங்கிக்கொண்டு உன்னை நாலு மணி நேரம் விடாமல் தூங்கவிட்டால் அதுவே பெரிய உதவி.

இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லையா? அப்போது உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: பிள்ளை தூங்குகிற நேரத்தில் எனக்குத் தூக்கம் வருகிறதா? பச்சை உடம்புக்காரிக்கு அசதி சகஜம். ஆனால் படுக்க நேரம் கிடைத்தும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும், கண்ணை மூட முடியாமல் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது வெறும் அசதி இல்லை. எதிலும் மனசு ஒட்டாதது, பிள்ளையைத் தூக்கினாலும் ஒன்றும் தோன்றாதது, "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம் நாள் முழுக்கச் சுற்றுவது, எல்லாம் இதில் சேரும். இது பிரசவகால மனச்சோர்வு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதேகூடத் தொடங்கலாம். "மசக்கைதான், சரியாகிடும்" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எவையெல்லாம் அதோடு சேர்ந்திருந்தன தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. இதில் எதை உன் தப்பு என்று சொல்ல முடியும்? அழுது அழுது உன்னையே திட்டிக்கொள்கிற நேரத்தில் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்.

சரி, யாரிடம் போய்ச் சொல்வது? நேராக மனநல டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். நீ ஏற்கெனவே போய்வருகிற இடம் போதும். பிரசவத்துக்குப் பிறகு உன் உடம்பைப் பார்க்கிற டாக்டரிடம் நீ போவது குறைந்துவிடும். ஆனால் பிள்ளைக்கு ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் என்று ஊசி போடக் கட்டாயம் போவாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடுகிற கிராம சுகாதார செவிலியர், கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து உன்னைத் தெரிந்தவர். மாமியாரோ கணவரோ கூட வந்திருந்தால், "நர்ஸம்மா, உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்" என்று சொல்லு. தனியார் ஆஸ்பத்திரி என்றால் குழந்தை டாக்டரிடமே சொல்லலாம்.

சொல்லும்போது "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்று பதில் வந்துவிடும். நாளையும் நிலையையும் சேர்த்துச் சொல்லு: "மூணு வாரமா தினமும் அழறேன், பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல." எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. 1987-ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தாய் என்று கேட்கும். அதைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று நீயே கேட்கலாம். கூடவே தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை கேளு. பிரசவத்துக்குப் பிறகு இவை இரண்டும் கெட்டாலும் இதே மாதிரி சோர்வும் படபடப்பும் வரும்.

அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக்கொடுப்பார்கள். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. வெளியே கிளம்பவே முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் போடு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் அரசு சேவை அது. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மாத்திரை எழுதினால் "பாலில் கலந்துடும், போடாதே" என்று நாலு பேர் சொல்வார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் கலப்பது மிகக் குறைவு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். எல்லா மருந்தும் அப்படி இல்லை. வால்ப்ரோயேட் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல். ஆகவே மாசமாக இருக்கிறேன், பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. முன்பே மருந்து சாப்பிடுபவள் என்றால், நாள் தள்ளிப்போனதும் பயந்து நீயாக நிறுத்தாதே. அன்றே டாக்டரைக் கேளு.

இன்னொன்று, யாரிடமும் சொல்ல முடியாமல் பெண்கள் உள்ளுக்குள்ளேயே புழுங்குவது. பிள்ளையைக் கை தவறிப் போட்டுவிடுவேனோ, கத்தியைப் பார்த்தால் ஏதாவது செய்துவிடுவேனோ என்று வேண்டாத எண்ணம் குறுக்கே வந்து நடுக்கும். அப்படித் தோன்றுவதாலேயே நீ கெட்டவள் ஆகிவிட மாட்டாய். பல அம்மாக்களுக்கு வருவதுதான், டாக்டர்களும் கேட்டுப் பழகியவர்கள். மறைக்காமல் சொல்லு, குறையும்.

இப்போது வீட்டில் இருப்பவர்களுக்கு. பிரசவமான முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் அவள் தூங்காமலே சுறுசுறுப்பாகத் திரிந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், காதில் குரல் கேட்கிறது என்றால், இது என் பிள்ளையே இல்லை என்றால், அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற பேறுகால மனநோய். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் ராத்திரிகளைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். சிகிச்சை கொடுத்தால் நன்றாகத் தேறுகிற நோய் அது. சாகணும் போலிருக்கு என்று அவள் சொன்னாலும் அதே அவசரம்தான். தனியாக விடாதீர்கள், பிள்ளையையும் அவளிடம் தனியாக விடாதீர்கள். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவுக்கும் பேசலாம்: 044-24640050.

"அங்கே சேர்த்தால் பிள்ளையைப் பிரிச்சிடுவாங்க" என்ற பயத்தில் போகாமல் இருப்பவர்களும் உண்டு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உள்நோயாளியாகச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்று டாக்டர்கள் கருதினால் மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைப்பார்கள், அப்போதும் அம்மா பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கத் தனி வார்டே இருக்கிறது.

ஒரு தடவை இந்த மனச்சோர்வோ மனநோயோ வந்திருந்தால் அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு கூடுதல். மாசமானதும் முதல் செக்கப்பிலேயே அதைச் சொல்லு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எழுதுகிற அட்டையிலேயே இதையும் எழுதச் சொல்லு. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால், அந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று ஏழாம் மாசத்துக்குள் விசாரித்து வை.