சறுக்குமரமே சரிந்தால்?

பூங்காவில் சறுக்குமரம் ஏறி விளையாடியிருப்பீர்கள். காஷ்மீரத்துக் குல்மார்க்கில், குளிர்காலத்தில் அஃபர்வத் மலையிலிருந்து பனிச்சறுக்கு வீரர்கள் இறங்குவதும் ஏறக்குறைய அதே விளையாட்டுத்தான். ஆனால் இங்கே சறுக்குமரமே பெயர்ந்து வந்துவிடலாம்! எப்படி?

கம்பிவட வண்டி வீரர்களை 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு சேர்க்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 பாகைச் சாய்வில் நின்றால், அந்த எடையில் சுமார் 10 கிலோ அளவே அவரைச் சாய்வின் வழியே கீழ்நோக்கி இழுக்கும். 38 பாகையில் அது 37 கிலோவாகிறது. தடுக்க வேண்டிய உராய்வோ மிகக் குறைவு. சறுக்குப் பலகை உரசும்போது எழும் வெப்பத்தால் பனி சிறிது உருகி, மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய்போல் உதவுகிறது. இதனை 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற அறிஞர்கள் விளக்கினர்.

இனி ஒரு சோதனை செய்யுங்கள். சொரசொரப்பான அட்டையில் சர்க்கரையைப் பரப்புங்கள். அதன்மேல் மாவைத் தூவி லேசாக அமுக்குங்கள். அட்டையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் சர்க்கரை உருள, மேலிருக்கும் மாவு விரிசல் விட்டுச் சரியும்.

மலையிலும் பனி அடுக்கடுக்காகவே படிகிறது. அடியில் ஒட்டாத குருணைப் பனி. மேலே காற்று அழுத்திய கெட்டிப் பனி. அடியடுக்கு முறிந்தால் மேலடுக்கு முழுவதும் பெயர்ந்து பாயும். இதுவே பனிச்சரிவு. பெரும்பாலும் இது நிகழ்வது 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்குவதில்லை. அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், தேர்ந்த வீரர்கள் விரும்பும் சாய்வும் இதுவே! அடியடுக்கை முறிக்க ஒரு மனிதரின் எடையே போதும். பனிச்சரிவில் சிக்கி மாள்பவர்களுள் பெரும்பாலோர், தாமோ தம்முடன் வந்தவரோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகின்றனர். புதைந்தவரைச் சுமார் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். எனவேதான் வழிகாட்டிகள் சாய்வை அளக்கிறார்கள். மண்வெட்டியும், புதைந்தவரைக் கண்டறிய உதவும் வானொலிக் கருவியும் எடுத்துச் செல்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் 20 பாகைச் சாய்வில் நிற்கிறீர்கள். உங்களுக்கு நேர்மேலே 40 பாகைச் சாய்வு. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?

இல்லை! மேலே பெயர்ந்த பனி, கீழே நிற்பவரையும் மூடிவிடும். மலையில் காலடியைப் பார்த்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலும் பார்க்க வேண்டும்.