அன்றாடமும் ஆவணமே

ஒளிப்படம் காலத்தின் சான்று. இதற்குப் புதுச்சேரிக் கடற்கரை தக்க எடுத்துக்காட்டாகும். 1980களின் இறுதியில் இங்குத் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அவை தடுத்தன. புதுமணல் வந்து சேராமையால், நகரின் மணற்பரப்பை அலைகள் அரித்தன; கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. முன்னர் மணலில் அமர்ந்து குடும்பத்தினர் எடுத்துக்கொண்ட எளிய படங்களே, கரை எவ்வளவு அகன்றிருந்தது என்பதை அடுத்த தலைமுறைக்குக் காட்டின. அண்மையில், கடலுக்கடியில் அமைக்கப்பட்ட தடுப்பால் மணல் ஓரளவு மீண்டது.

கதிர்காமத்தின் தெருக்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்று இயல்பாகத் தோன்றும் தேநீர்க்கடையும் திண்ணையும் நாளை இல்லாது போகலாம். அவற்றைக் கைப்பேசியில் படமெடுக்கும் மாணவர், அங்குள்ளோரின் இசைவைப் பெறுதல் பண்பு. இடத்தையும் நாளையும் உடன் குறித்தல் கடமை. குறிப்பில்லாத படம் முழுமையான சான்றாகாது.