இரண்டு ஹாஃப் ஒயிட்டும் ஒன்றா?

காதர்பேட்டைக் கடைகளில் ‘ஹாஃப் ஒயிட்’ பனியன் கேட்டால் நாலு பீஸ் எடுத்துப் போடுவார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நாலும் ஒரே நிறம். தெருவுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் மஞ்சள் தட்டும், இன்னொன்றில் நீலம் தட்டும். ஏன்?

நண்பர்களே, நிறம் துணியில் மட்டும் இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது. வெவ்வேறு சாயக் கலவையில் வந்த இரு துணிகள் ஒரு விளக்கில் ஒத்துப்போய், மற்றொன்றில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெள்ளை கூட்டும் பிரைட்னர் ஏறிய துணியோ, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். குண்டு பல்பில் அந்தக் கதிர் மிகக் குறைவு.

ஆகவே லைட் பாக்ஸில் இரண்டு துணியையும் ஒரே வாக்கில், ஓரம் ஒட்டி வைத்து மூன்று விளக்கிலும் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு டி65 (6500 கெல்வின்), கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 (சுமார் 4000), குண்டு பல்புக்கு ஏ (2856). பெட்டியின் உட்புறம் சாம்பல் நிறமாக இருப்பதும் காரணத்தோடுதான். வேறு நிறமிருந்தால் அதன் சாயல் துணிமேல் விழும்.

எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருமுறை கழுத்து ரிப்பும் உடம்புத் துணியும் சேரவில்லை என்று வாசலுக்கு எடுத்துப் போய்க் காட்டினார். “ரெண்டும் ஒண்ணுதானுங்கக்கா” என்று தைத்துவிட்டார்கள். லாட் முழுக்கத் திரும்பி வந்தது.

மெட்டாமெரிசம் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். “பேரு என்னமோ இருக்கட்டும் கண்ணு, வெளிய கொண்டுபோய்ப் பாரு” என்றார். நாளை லாட்டுக்குக் கையெழுத்துப் போடப்போகும் நாமும் அதைச் செய்யத் தயங்கக் கூடாது.