ஓடும் மிதிவண்டி விழாதது ஏன்?

புதுவாயல் கூட்டுச்சாலையில், கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பெரியபாளையம் சாலை பிரியும் இடத்தில், பள்ளி நேரத்தில் சற்று நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை லாரிகள் ஒருபுறம் விரைந்து செல்லும். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளில் மாணவ மாணவியர் தார்ச்சாலையின் விளிம்பை ஒட்டியே செல்வார்கள். ஸ்டாண்டு போடாமல் நிறுத்தினால் மறுகணமே சாய்ந்துவிடும் வண்டி, ஓடும்போது மட்டும் விழாதது ஏன்?

"சக்கரம் பம்பரம்போலச் சுழல்கிறது; சுழலும் பொருள் சாயாது" என்பார்கள் பலர். கல்லூரி மாணவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அது உண்மையானால், ஹேண்டில் திரும்பாதபடி இறுகக் கட்டிவிட்டு ஓட்டினாலும் வண்டி நிமிர்ந்தே செல்ல வேண்டும். செல்லாது. சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்போதே சிறிது தூரத்தில் விழுந்துவிடும். (இதை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம், என் சொல்லை நம்புங்கள்.)

ஒரு நீளக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்துகிறோம். கம்பின் அடி அதன் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. மிதிவண்டியிலும் இதுவே நடக்கிறது. இடப்புறம் சாய்ந்தால் ஹேண்டிலை இடப்புறமே திருப்புகிறோம். சக்கரங்கள் சாய்ந்த பக்கம் ஓடி, நம் உடலுக்குக் கீழே வந்து சேர்கின்றன.

எவ்வளவு திருப்ப வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாய்ந்த வண்டி மேலும் விழாமலிருக்க ஒரு வட்டப் பாதையில் வளைய வேண்டும். திசைவேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் அவ்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். சாய்வு 5 டிகிரி, வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்று கொண்டால், 16 ÷ (9.8 × 0.0875), அதாவது ஏறத்தாழ 18.7 மீட்டர். இரு சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களுக்கு இடையே 1.1 மீட்டர் இருந்தால், ஹேண்டிலைச் சுமார் 3½ டிகிரி திருப்பினால் போதும். வேகத்தைப் பாதியாக்குங்கள். ஆரம் நான்கில் ஒரு பங்காகிறது. திருப்பவேண்டிய கோணமோ 13 டிகிரியைத் தாண்டுகிறது! நிமிர வேண்டுமானால் இன்னும் சற்று அதிகம் திருப்ப வேண்டும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் அப்படி ஆடுவதன் காரணம் இதுதான்.

ஆனால் ஹேண்டிலைத் திருப்புவது நாம் மட்டுமல்ல. சீட்டை மட்டும் பிடித்தபடி வண்டியைத் தள்ளிச் சென்று, இடப்புறம் லேசாகச் சாயுங்கள். யாரும் தொடாமலே ஹேண்டில் இடப்புறம் திரும்பும்! சுழலும் சக்கரத்தின் கைராஸ்கோப் விளைவு இதற்கு ஓரளவு துணைபுரிகிறது. சாய்வாக அமைந்த ஃபோர்க்கும் உதவுகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், அது முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழும். எனவே சக்கரம் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுச் செல்கிறது.

1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, ஓட்டவே முடியாத மிதிவண்டியைச் செய்ய முயன்றார். முன்சக்கரத்தின் பக்கத்தில், தரையைத் தொடாமல் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திக் கைராஸ்கோப் விளைவை ரத்துச் செய்தார். அப்படியும் வண்டியை எளிதாக ஓட்ட முடிந்தது! முன்சக்கரத்தை அச்சுக்கு முன்னால் தள்ளிப் பொருத்தியபோதுதான் அவர் சிரமப்பட்டார். ஆனால் அந்தப் பின்னிழுப்பும் இன்றியமையாததல்ல. கைராஸ்கோப் விளைவு, பின்னிழுப்பு இரண்டுமே இல்லாத ஒரு சிறு வண்டி, ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியதை டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்டனர். எடை பரவியிருக்கும் விதமே அதன் முன்பகுதியைச் சாயும் பக்கம் திருப்பியது. வழி எதுவானாலும், சாயும் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மாறவில்லை.

இனி, தார் விளிம்புக்கு வருவோம். வலப்புறம் வளைய விரும்பினால் வண்டி முதலில் வலப்புறம் சாய வேண்டும். அதற்காக நாம் ஹேண்டிலை ஒரு கணம் இடப்புறம் திருப்புகிறோம்! அறியாமலே செய்வதால் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. விமானம் செய்வதற்குமுன் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட் இதை நன்கு கவனித்திருந்தார்.

லாரிக்கு ஒதுங்கும்போது முன்சக்கரம் தாரிலிருந்து மண்ணில் இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாரின் விளிம்பு மண்ணைவிட நான்கு விரல் உயரம். அதை உரசியபடியே மேலே ஏற, உடல் வலப்புறம் சாய்கிறது. இப்போது சக்கரமும் வலப்புறம் திரும்ப வேண்டும். விளிம்பு தடுக்கிறது, சக்கரம் அதன் ஓரமாகவே சறுக்குகிறது. ஹேண்டிலைக் கட்டிய வண்டியின் கதிதான். விழுவதோ வலப்புறம், லாரி வரும் பக்கம்.

ஆகவே மண்ணில் இறங்கிவிட்டால் உடனே ஏற முயலாதீர்கள். மண்ணிலேயே நேராக ஓட்டி, வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, சைக்கிளைக் கையால் தூக்கித் தாரில் வையுங்கள். அரை நிமிட வேலைதான்.