படகு எஞ்சின் ஏன் இழுக்கவில்லை?

விழிஞம் ஒரு மீன்பிடித் துறைமுகம். கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. இங்கே ஃபைபர் படகுகள் நிறைய உண்டு. பல படகுகளின் பின்புறத்தில் இரண்டு எஞ்சின்கள் தொங்கும். கேரளக் கடற்கரையில் இந்த வகை எஞ்சின்கள் 1980-களில் பரவின.

இரண்டு எஞ்சின் எதற்கு? பாரம் ஏற்றினாலும் படகு வேகமாகப் போகும். நடுக்கடலில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று கரை சேர்க்கும்.

ஆனால் எல்லா நேரத்திலும் ஒரு எஞ்சின் போதாது. துறைமுக வாய்க்குள் நுழையும்போது அலை உயரும். இரு பக்கமும் பாறைச் சுவர் இருக்கும். அந்த நேரத்தில் முழு வலு வேண்டும். அதே மாவட்டத்தில் முதலப்பொழி என்ற இடம் உள்ளது. அங்கே முகத்துவார அலையில் படகுகள் கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் ஒரே விபத்தில் 4 பேர் இறந்தனர். இப்படிப்பட்ட இடத்தில் எஞ்சின் சோர்ந்து போகக் கூடாது.

வந்து போகும் கோளாறு

நின்றே போன எஞ்சினைப் பழுது பார்ப்பது எளிது. சில நேரம் மட்டும் சோர்ந்து, பிறகு தானே சரியாகிவிடும் எஞ்சின்தான் தொல்லை. கடலில் கோளாறு வரும். கரையில் மெக்கானிக் பார்க்கும்போது நன்றாக ஓடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

அண்ணன், தம்பி இருவர். அவர்கள் படகில் ஒரே மாதிரி இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டேங்க், தனி டியூப். ஒரு நாள் கடலில் போகும்போது படகின் முகம் வலது பக்கம் திரும்பியது.

"வலது எஞ்சின் இழுக்கல தம்பி" என்றார் அண்ணன். வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சரியாக ஓடியது.

வலது எஞ்சின் சோர்ந்தால் படகு வலது பக்கம் திரும்பும். இடது எஞ்சின் மட்டும் தள்ளுவதே காரணம்.

எஞ்சினை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார்கள். மெக்கானிக் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். எஞ்சின் நன்றாக ஓடியது. ஆனால் கடலுக்குப் போனதும் மறுபடியும் சோர்ந்தது.

"இதை வித்துட்டு வேற வாங்கலாம்" என்றார் அண்ணன்.

"கடன் வாங்கித்தானே வாங்கணும்? கொஞ்சம் பொறுங்க அண்ணே. எப்போ சோருதுன்னு நோட்டில எழுதிப் பார்ப்போம்" என்றான் தம்பி.

நோட்டு சொன்ன செய்தி

தம்பி எழுதியது இதுதான்:

முதல் நாள்: முழு வேகம். 25 நிமிடம் கழித்து வலது எஞ்சின் சோர்ந்தது. இடது நன்றாக ஓடியது.

இரண்டாம் நாள்: முழு வேகம். 25 நிமிடம் கழித்து வலது சோர்ந்தது. இடது நன்றாக ஓடியது.

மூன்றாம் நாள்: மெதுவாக ஓட்டினோம். கோளாறு இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

ஒன்று: வலது எஞ்சின் மட்டுமே சோர்கிறது. இரண்டு டேங்கிலும் ஒரே கேனில் இருந்துதான் எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் கெட்டிருந்தால் இடது எஞ்சினும் சோர்ந்திருக்கும்.

இரண்டு: முழு வேகத்தில்தான் கோளாறு வருகிறது. முழு வேகத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் அதிகம் வேண்டும். அது போதிய அளவு வராமல் இருக்கலாம்.

மூன்று: 25 நிமிடம் ஓடினால்தான் கோளாறு வருகிறது. அப்படியானால் 5 நிமிடம் ஓட்டிச் சோதித்துப் பயன் இல்லை. 25 நிமிடத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மாற்றி மாட்டிப் பார்த்தல்

ஒரே மாதிரி இரண்டு எஞ்சின் இருப்பது நமக்கு நல்லது. நன்றாக ஓடும் எஞ்சினை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம்.

அண்ணனும் தம்பியும் அமைதியான கடலில், கரைக்கு அருகில் சோதித்தார்கள். துணைக்கு இன்னொரு படகு பக்கத்தில் இருந்தது. எதை மாற்றும்போதும் எஞ்சின்களை நிறுத்திவிட்டுத்தான் மாற்றினார்கள்.

முதல் சோதனை: வலது எஞ்சினின் டேங்கையும் டியூபையும் சேர்த்து இடது எஞ்சினுக்கு மாட்டினார்கள். இடது எஞ்சினின் டேங்கும் டியூபும் வலது எஞ்சினுக்குப் போயின. முழு வேகத்தில் ஓட்டினார்கள். 25 நிமிடம் ஆனது. இப்போது இடது எஞ்சின் சோர்ந்தது. வலது நன்றாக ஓடியது.

"பாருங்க அண்ணே, கோளாறு இடம் மாறிடுச்சு. எஞ்சின் மேல குத்தம் இல்ல" என்றான் தம்பி.

கோளாறு டேங்கிலா, டியூபிலா?

இரண்டாம் சோதனை: டேங்குகளை அப்படியே விட்டார்கள். டியூபுகளை மட்டும் மாற்றினார்கள். மறுபடியும் இடது எஞ்சின்தான் சோர்ந்தது. அப்படியானால் டியூப் நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்கில்.

அப்போது அண்ணன் ஒன்றைக் கவனித்தார். டியூபின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து உண்டு. அது சப்பையாகிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தி டேங்க் மூடியைத் தளர்த்தினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. ரப்பர் பந்து உப்பியது. எஞ்சினை மறுபடி ஓட்டினார்கள். முழு வேகத்தில் ஓடியது.

டேங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு. அதைத் திறந்து மூட ஒரு திருகும் உண்டு. திருகு திறந்துதான் இருந்தது. ஆனால் துளையில் உப்பும் அழுக்கும் அடைத்திருந்தன.

காற்று ஏன் வேண்டும்?

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு சிறு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் தாராளமாக வரும். வெளியேறும் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று உள்ளே போக வேண்டும்.

படகின் டேங்கும் இப்படித்தான். காற்று போகாவிட்டால் எஞ்சினின் பம்பு எண்ணெயை இழுக்க முடியாமல் திணறும். மெதுவாக ஓடும்போது எண்ணெய் குறைவாகப் போதும். அதனால் அப்போது கோளாறு தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் ஏன் தெரியவில்லை? அங்கே எஞ்சினை ஒர்க்‌ஷாப்பின் டேங்கில் மாட்டி ஓட்டினார்கள். கோளாறு உள்ள டேங்க் படகிலேயே இருந்தது. மெக்கானிக்கிடம் போகும்போது டேங்கையும் டியூபையும் சேர்த்துக் கொண்டு போவது நல்லது.

வேறு அடையாளங்கள்

1. இரண்டு எஞ்சினும் ஒன்றாகச் சோர்ந்தால், இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள். எண்ணெயில் தண்ணீர் இருக்கலாம். டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் கனமானது. அடியில் தனியாகத் தங்கும்.

2. ரப்பர் பந்தை அமுக்க அமுக்க எஞ்சின் தேறினால், எண்ணெய் சரியாக வரவில்லை என்று பொருள். டியூபில் வெடிப்பு, பில்டரில் அடைப்பு, எண்ணெய்ப் பம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

3. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு வேகம் ஏறவில்லை. அப்படியானால் தண்ணீரைத் தள்ளும் விசிறியைப் பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது கயிறு சுற்றியிருக்கலாம். விசிறியின் உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்து வழுக்கலாம்.

4. ஓடும் எஞ்சினில் இருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். அது எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம்.

5. டேங்கையும் டியூபையும் மாற்றிய பிறகும் அதே எஞ்சின் சோர்ந்தால், கோளாறு அந்த எஞ்சினில். பிளக், ஒயர் இணைப்பு, காயில், கார்புரேட்டர் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். சில காயில்கள் சூடானால்தான் கோளாறு செய்யும்.

இன்று பம்புகளில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கும். எனவே பெட்ரோலை நீண்ட நாள் டேங்கில் வைக்காதீர்கள்.

எச்சரிக்கை

* எண்ணெய் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.
* எஞ்சினை நிறுத்திய பிறகே விசிறியைத் தொடுங்கள்.
* ஒன்று பெட்ரோல் எஞ்சின், மற்றொன்று மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் டேங்கை மாற்றி மாட்டாதீர்கள்.
* டேங்க் மூடியைத் தளர்த்தியபடியே ஓட்டாதீர்கள். கடல் நீர் உள்ளே போகும். துளையைச் சுத்தம் செய்யுங்கள்.
* உயிர்காக்கும் சட்டை அணியுங்கள்.
* கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழையுங்கள்.

நினைவில் கொள்வோம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. பணமும் வீணாகும். மாற்றியதை உடனே எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. இடது எஞ்சின் சோர்ந்தால் படகு எந்தப் பக்கம் திரும்பும்?
2. இரண்டு எஞ்சினும் ஒன்றாகச் சோர்ந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
3. ஒர்க்‌ஷாப்பில் கோளாறு ஏன் தெரியவில்லை?

எழுதிப் பாருங்கள்

உங்கள் படகு, மோட்டார் பம்பு, மோட்டார் சைக்கிள் எதுவானாலும் சரி. கோளாறு வரும்போது இப்படி எழுதுங்கள்:

தேதி: ............
எது சோர்ந்தது: ............
எத்தனை நிமிடம் கழித்து: ............
வேகமாகவா, மெதுவாகவா: ............
எதை மாற்றினோம்: ............
என்ன ஆனது: ............